சூடு ஆறும்வரை

அணு உலையை நிறுத்திவிடலாம். அதற்குள் இருக்கும் எரிபொருளின் சூட்டை நிறுத்த முடியாது. கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கி, யுரேனியம் பிளப்பது நின்றுபோன அந்த நொடியிலும் எரிபொருள் முழுத் திறனில் ஆறேழு விழுக்காடு வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கழிந்தால் அது அரை விழுக்காட்டை ஒட்டி வரும். புகுஷிமாவில் 2011 மார்ச்சில் உலைகளை உருக்கியது இந்த மிச்ச வெப்பம்தான். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் முறைப்படி நின்றுவிட்டன. சுனாமி வந்து குளிர்விக்கும் ஏற்பாட்டைக் கெடுத்த பிறகு, நின்ற உலையின் சூடே போதுமானதாக இருந்தது.

உலையிலிருந்து எடுத்த எரிபொருளை நேராகத் தண்ணீர்க் குளத்தில் இறக்குகிறார்கள். ஓராண்டுக்குப் பிறகும் ஒரு டன் எரிபொருளிலிருந்து ஏறத்தாழ 10 கிலோவாட் வெப்பம் வரும். பத்து மின் இஸ்திரிப் பெட்டிகளை இரவு பகலாக ஓயாமல் போட்டுவைத்த கணக்கு. பத்தாண்டில் அது 2 கிலோவாட்டுக்கு அருகில் இறங்குகிறது. ஐம்பதாண்டில் ஒரு கிலோவாட்டுக்கும் கீழே. அதன்பின் இறக்கம் மெதுவாகிவிடும். முதல் சில பத்தாண்டுகளின் சூட்டுக்குப் பெரும்பொறுப்பு சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகிய இரண்டும். இரண்டுக்கும் அரை ஆயுள் 30 ஆண்டுகளை ஒட்டியே. அவை அடங்கும்போது 432 ஆண்டு அரை ஆயுள் கொண்ட அமெரிசியம்-241 பொறுப்பை ஏற்கிறது. சூடு பெரும்பாலும் அடங்கிய பிறகும் நஞ்சு அடங்காது. புளுட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள். டெக்னீசியம்-99 இரண்டு லட்சம் ஆண்டுகளைத் தாண்டும். அயோடின்-129 ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

ஆக, இந்தக் கழிவுக்கு இரண்டு காலங்கள் உண்டு. முதல் ஆயிரம் ஆண்டுகள் வெப்பத்தின் காலம். அதற்குப் பின்வரும் லட்சக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடி நீரின் காலம். பாறைக்குள் ஊரும் நீர் எதைக் கரைக்கும், எங்கே கொண்டுபோகும் என்பதே அப்போது கேள்வி. முதல் காலத்தில் நாம் செய்யும் தவறு இரண்டாம் காலத்தின் காப்பைக் கெடுத்துவிடும். சூடு களிமண்ணை வறளவைத்தால், பாறையில் கீறல் விழவைத்தால், உலோகத்தைச் சீக்கிரம் அரித்தால், பத்தாயிரம் ஆண்டு கழித்து வரும் நீருக்கு வழி திறந்துவிட்டோம் என்று பொருள். எவ்வளவு ஆழம், பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு இடைவெளி, எந்த உலோகம், எத்தனை கிலோமீட்டர் சுரங்கம் என எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தச் சூடுதான்.

சூடு இன்னொன்றையும் செய்தது. காத்திருக்க ஒரு நியாயமான காரணத்தை அரசுகளுக்குக் கொடுத்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் மேலே வைத்து ஆறவிட்டுப் பிறகு புதைப்பதே நல்லது என்பது அறிவியல்படி சரியான பேச்சு. அந்தச் சரியான பேச்சின் மறைவில், எங்கே புதைப்பது, யாரைக் கேட்பது என்ற கேள்விகளைப் பல நாடுகள் இரண்டு தலைமுறைகளாகத் தள்ளிப்போட்டுவிட்டன. ஆறும் காலம் என்பது இடம் தேடும் காலமாகவும் இருந்திருக்க வேண்டும். அப்படிப் பயன்படுத்திய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மாற்று வழிகள் பேசப்படாமல் இல்லை. கடலில் கொட்டுவதை 1993-இல் லண்டன் உடன்படிக்கை நாடுகள் முழுவதுமாகத் தடுத்துவிட்டன. அண்டார்க்டிக் பனிக்கு 1959 உடன்படிக்கை தடை போட்டது. ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பும் யோசனை ஒரு ராக்கெட் வெடித்தால் என்னாகும் என்ற கேள்வியிலேயே விழுந்துபோனது. மேலேயே காவல் போட்டு வைத்திருக்கலாம்தான். ஆனால் முந்நூறு ஆண்டு நிலைக்கும் அரசு, அதன் கருவூலம், அதன் காவலர்கள் என்று எல்லாம் இருந்தாக வேண்டும். 1957-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் உப்புப் படிவங்களில் புதைக்கலாம் என்று பரிந்துரைத்ததிலிருந்து, பெரும்பாலான நிபுணர்கள் ஆழ்நிலத்தையே சுட்டிவந்திருக்கிறார்கள்.

ஆழ்நிலத்தின் மீது நம்பிக்கை வரக் கணினிக் கணக்குகள் மட்டும் காரணமல்ல. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்து யுரேனியத் தாதுவில் யுரேனியம்-235 இருக்க வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதை 1972-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கிட்டத்தட்ட 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாதுப் படுகையில் நிலத்தடி நீரின் துணையோடு அணுப்பிளவு தானாகவே நடந்திருக்கிறது. அங்கே உண்டான புளுட்டோனியம் தோன்றிய இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. எளிதில் கரையும் சில தனிமங்கள் வெளியேறிப் போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கனடாவின் சிகார் லேக் இன்னும் நேரடியான சான்று. 130 கோடி ஆண்டுப் பழமையான, மிகச் செறிவான யுரேனியத் தாது அங்கே 400 மீட்டருக்கும் கீழே, களிமண் போர்வைக்குள் கிடக்கிறது. நீர் நிறைந்த மணற்கல் சுற்றிலும் இருந்தும், அப்படியொரு தாது அடியில் இருப்பதற்கான கதிரியக்க அடையாளம் மேல் நிலத்தில் இல்லை.

எந்தப் பாறை என்பதில்தான் நாடுகள் பிரிந்தன. ஒவ்வொரு பாறையும் சூட்டை ஒவ்வொரு விதமாகத் தாங்குகிறது.

உப்பு சூட்டை நன்றாகக் கடத்தும். அழுத்தத்தில் மெல்ல ஊர்ந்து விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். சூடேறினால் இன்னும் வேகமாக மூடும். ஆனால் உப்புக்குள் சிறைப்பட்ட நுண்ணிய உவர்நீர்த் துளிகள் சூட்டை நோக்கி நகரும் குணம் கொண்டவை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லயன்ஸ் ஊரில் 1960-களின் நடுவில் உண்மையான எரிபொருளையே உப்புச் சுரங்கத்தில் இறக்கிச் சோதித்தார்கள். சோதனை நல்லபடியாகவே நடந்தது. திட்டம் 1972-இல் விழுந்தது வேறு காரணத்தால்: எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் முன்பு தோண்டிய பழைய துளைகள் சுற்றிலும் கிடந்தன, பக்கத்து உப்புச் சுரங்கத்தில் செலுத்திய தண்ணீர் எங்கோ காணாமல் போனது.

ஜெர்மனியின் ஆஸ்ஸே சுரங்கத்தில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 பீப்பாய்க் கழிவு அந்தப் பழைய உப்புச் சுரங்கத்தில் இறக்கப்பட்டது. சூடு வெளியிடாத, குறைந்த மற்றும் நடுத்தரச் செறிவுக் கழிவுதான். ஆய்வுக்காகத்தான் என்றார்கள். பீப்பாய்களை முதலில் அடுக்கினார்கள். பிறகு சுமைவண்டியில் கொண்டுபோய்ச் சரிவில் உருட்டிவிட்டு மேலே உப்பைக் கொட்டினார்கள். சுரங்கத்துக்குள் பல ஆண்டுகளாக நாள்தோறும் சுமார் 12 கன மீட்டர் உவர்நீர் கசிகிறது. அதைப் பிடித்து மேலே ஏற்றுகிறார்கள். அந்தப் பீப்பாய்களையெல்லாம் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று சட்டமே போட்டாகிவிட்டது. எடுக்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை. நிலவியல் தெரியாதவர்கள் செய்த வேலையல்ல இது. இருக்கிற சுரங்கம், மலிவாகக் கிடைத்தது, வசதியாக இருந்தது என்பதற்காக எடுத்த முடிவு. ஏற்கெனவே தோண்டிய சுரங்கத்தை யாராவது கழிவுக்குப் பரிந்துரைத்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஆஸ்ஸே.

நெவாடாவின் யக்கா மலைக்கு அமெரிக்கா வந்த வழி வேறு. அங்கே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. கிடங்கு நிலத்தடி நீர் மட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலே அமையும். கழிவின் சூட்டையே காவலாக்கும் யோசனை இருந்தது: சுரங்கச் சுவரைக் கொதிநிலைக்கு மேல் வைத்திருந்தால் பல நூறு ஆண்டுகள் நீர் கிட்டே வராது. 1997 டிசம்பரில் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஒரு சுரங்கத்தை மின்சூடேற்றிகளால் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பார்த்தார்கள். மேலும் நான்கு ஆண்டுகள் ஆறவிட்டு அளந்தார்கள். உலகில் நடந்த மிகப் பெரிய சூடேற்றுச் சோதனைகளில் ஒன்று அது. அந்த அறிவெல்லாம் இன்று அலமாரியில் இருக்கிறது. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

களிமண் பாறையை பிரான்சும் சுவிட்சர்லாந்தும் தேர்ந்தன. பிரான்சின் கிழக்கே பூர் என்ற சிற்றூரின் அருகில் சுமார் 500 மீட்டர் ஆழத்தில், 16 கோடி ஆண்டுப் பழமையான களிமண் அடுக்கில் 'சிஜியோ' திட்டம் அமைகிறது. கட்டுமான அனுமதிக்கான விண்ணப்பம் 2023 ஜனவரியில் போனது. அந்தக் களிமண்ணில் நீர் நகர்வதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெதுவாக நகர்கிறது. அதுதான் அதன் பலம். ஆனால் அது சூட்டை எளிதில் கடத்தாது. பாறையின் சூடு 90 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் நிற்க, கண்ணாடியோடு உருக்கி இறுக்கிய மிகச் சூடான கழிவுகள் பல பத்தாண்டுகள் மேலே காத்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து 2022 செப்டம்பரில் வடக்கு லேகெர்ன் பகுதியின் ஓபலினஸ் களிமண்ணைத் தேர்ந்தெடுத்தது.

கருங்கல் பாறை பின்லாந்தும் ஸ்வீடனும் எடுத்த வழி. நான்கு பாறைகளில் மிக உறுதியானது இதுவே. ஆனால் இதில் பிளவுகள் இருக்கும். பிளவு வழியே நீர் ஓடும். பாறையை மட்டும் நம்ப முடியாததால், பாறைக்குள் வைக்கும் பெட்டியையும் அதைச் சுற்றும் களிமண்ணையும் நம்ப வேண்டியிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் உருவாக்கிய இந்த முறையைக் கேபிஎஸ்-3 என்கிறார்கள்.

பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஓல்கிலுவோட்டோ தீவில் அணுமின் நிலையத்தின் பக்கத்திலேயே ஓன்கலோ இருக்கிறது. 2004-இல் தோண்டத் தொடங்கினார்கள். ஆழம் 400 மீட்டருக்கும் அதிகம். அங்கே ஒரு பெட்டி போகும் வழியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். குளத்தில் பல பத்தாண்டுகள் கிடந்த எரிபொருள் கட்டுகளை உலர்த்தி, வார்ப்பிரும்புச் சட்டத்தின் துளைகளில் ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். மனிதர் கிட்டே போக முடியாது. தடித்த சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இயந்திரக் கை செய்யும் வேலை அது. சட்டத்துக்கு மேல் 5 சென்டிமீட்டர் கனமான செம்பு உறை. மூடியை நெருப்பால் பற்றவைப்பதில்லை. சுழலும் கருவி உராய்ந்து இளக்கும் செம்பே இரு விளிம்புகளையும் ஒன்றாக்குகிறது. பிறகு அந்த இணைப்பை மீயொலியால் சோதிக்கிறார்கள். இந்தச் சோதனையில் தேறாத பெட்டி கீழே போகாது. தேறியது மின்தூக்கியில் இறங்கி, ஆளில்லாமல் இயங்கும் வண்டியில் ஏறி, சுரங்கத் தரையில் செங்குத்தாகத் துளைத்த ஏறத்தாழ 8 மீட்டர் ஆழக் குழிக்குப் போகிறது. குழியில் முன்கூட்டியே பென்டோனைட் களிமண் வளையங்கள் அடுக்கப்பட்டிருக்கும். தூளை அழுத்திக் கல் போலாக்கிய வளையங்கள் அவை. பெட்டி அவற்றின் நடுவே இறங்கியதும் மேலேயும் களிமண். குழிகள் நிறைந்தபின் சுரங்கமும் களிமண்ணால் நிரம்பும்; வாயில் கான்கிரீட் அடைப்பு.

நீர் வந்து சேரும்போது பென்டோனைட் உப்பும். உப்பி இடைவெளிகளை எல்லாம் அடைத்து, பெட்டியை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எதுவும் அதன் வழியே ஓட முடியாது. மூலக்கூறு மூலக்கூறாக ஊடுருவத்தான் முடியும். இந்த உப்பும் குணத்தைச் சூடு கெடுத்துவிடக் கூடாது. அதிகச் சூட்டில் நெடுங்காலம் கிடந்தால் அந்தக் களிமண்ணின் கனிமம் உப்பாத வேறு கனிமமாக மாறக்கூடும். அதனால் பென்டோனைட் 100 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஸ்வீடனில் ஒரு பெட்டியின் வெப்பம் 1,700 வாட்டுக்கு மிகக் கூடாது. ஆயிரக்கணக்கான பெட்டி இடைவெளிகள், கிலோமீட்டர் கணக்கில் சுரங்க நீளம், பல பத்தாண்டுக் குளச் செலவு ஆகியவற்றை நிர்ணயிப்பவை 1,700, 100 என்ற இந்த இரண்டு எண்கள்தான். பழைய எரிபொருளையும் புதிய எரிபொருளையும் கலந்து ஒரே பெட்டியில் வைத்தால் சராசரிச் சூடு குறையும். எந்தக் கட்டு எந்தப் பெட்டிக்கு என்று இப்போதிருந்தே கணக்குப் போடுகிறார்கள்.

செம்பைப் பற்றிய சண்டை தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத நீரில் செம்பு அரிக்காது என்பதே கேபிஎஸ்-3-இன் அடிப்படை. ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் சிலர், தூய நீரிலும் செம்பு அரிப்பதாகத் தங்கள் சோதனைகளைக் காட்டினார்கள். வேறு ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தன. பெரும்பாலானவற்றுக்கு அப்படிப் பொருட்படுத்தத்தக்க அரிப்பு தெரியவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் ஸ்வீடனின் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்பு பற்றிய ஐயங்கள் தீராமல் கிடங்குக்கு ஒப்புதல் தர இயலாது என்று அரசுக்குக் கருத்துரைத்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் சரி என்று சொன்ன பிறகும் நீதிமன்றம் இப்படிச் சொன்னது. கழிவைப் புதைக்கும் பொறுப்புள்ள நிறுவனம் கூடுதல் ஆய்வுகளைச் சமர்ப்பித்தது. அரசு 2022 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. செம்பின் உண்மையான பகை நீரிலுள்ள சல்ஃபைடு என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. அது எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் வரும் என்பதே கேள்வி. எனக்கு இந்தச் சண்டையே அந்தத் திட்டத்தின் மீது மதிப்பைக் கூட்டுகிறது. எதிர்த்துப் பேசிய ஆய்வாளர்களின் வாதம் நீதிமன்றம் வரை போக முடிந்தது. நீதிமன்றம் அதற்காக அரசையும் நிறுவனத்தையும் காக்கவைக்க முடிந்தது.

சோதனைகளின் வயதைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ஸ்வீடனின் ஸ்ட்ரிபா இரும்புச் சுரங்கத்தில் 1970-களின் கடைசியில் கருங்கல்லுக்குள் சூடேற்றிகளை வைத்துத் தொடங்கிய வேலை இது. சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் ஆய்வகத்தில் 1997-இல் பென்டோனைட் சூழ்ந்த சூடேற்றிகளை 100 டிகிரியில் இயக்கினார்கள். இரண்டில் ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2015-இல் பிரித்தார்கள். களிமண் கட்டிகளுக்கு இடையே இருந்த இடுக்குகள் மூடிப்போயிருந்தன. வெளிப்பக்கம் நன்றாக ஈரம் குடித்திருந்தது. சூடேற்றியை ஒட்டிய உள்பக்கத்தில் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஈரம் குறைவாகவே இருந்தது. உப்பும் குணம் பெருமளவு கெடவில்லை. நல்ல செய்திதான். ஆனால் பதினெட்டு ஆண்டு என்பது வெப்ப காலத்தின் தொடக்க நிமிடங்கள். அதே கிரிம்செலில் இப்போது 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும் இன்னொரு சோதனை நடக்கிறது. அதிகச் சூட்டையும் பென்டோனைட் தாங்கும் என்றால் பெட்டிகளை நெருக்கி வைக்கலாம். சுரங்கம் குறையும், செலவு குறையும். அந்த ஆசை எனக்கு அச்சத்தைத் தருகிறது. பாதுகாப்புக்காக விட்ட இடைவெளியைச் செலவுக்காகச் சுருக்குவது எல்லாத் தொழில்களிலும் விபத்தின் முதல் படியாக இருந்திருக்கிறது.

பின்லாந்தில் இன்னொரு கணக்கும் உண்டு: அடுத்த பனியூழி. கிலோமீட்டர் தடிமனான பனி அந்த நிலத்தின் மேல் ஏறி அமரும், பிறகு உருகும். உருகும்போது ஆக்சிஜன் கலந்த நன்னீர் ஆழத்துக்கு இறங்கலாம். பாரம் நீங்கிய பாறையில் நிலநடுக்கம் வரலாம். பாறை 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நழுவினாலும் பெட்டி தாங்க வேண்டும் என்று அந்தச் செம்பு உறையையும் இரும்புச் சட்டத்தையும் வடிவமைத்திருக்கிறார்கள். சென்ற பனியூழியின் பாரத்திலிருந்து விடுபட்டு அந்தக் கரை இன்னும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்பிக்கொண்டிருக்கிறது.

பாறையும் செம்பும் சரியாக இருந்தும் மனிதர் கை தவறும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நியூ மெக்சிகோவின் உப்புப் படிவத்தில், 650 மீட்டருக்கும் ஆழத்தில், அமெரிக்காவின் ராணுவப் புளுட்டோனியக் கழிவுக்கான கிடங்கு 1999 முதல் இயங்குகிறது. அங்கே வைக்கப்படும் கழிவு சூடு வெளியிடாத வகை. 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் தானாகச் சூடேறிப் பிளந்தது. லாஸ் அலமோஸில் அதை நிரப்பியபோது, ஈரத்தை உறிஞ்சப் போடும் கனிமத் தூளுக்குப் பதிலாக, வளர்ப்புப் பூனைகளுக்கென்று கோதுமையில் செய்து விற்கும் உறிஞ்சு தூளைப் போட்டிருந்தார்கள். நைட்ரேட் உப்போடு அந்தக் கரிமப்பொருள் சேர்ந்து மெல்ல வேதிவினை புரிந்தது. கிடங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மூடிக் கிடந்தது. பத்தாயிரம் ஆண்டுக் கணக்கு போட்ட இடத்தில் பதினைந்து ஆண்டுக்குள் நடந்தது இது.

இனி மக்களுக்கு வருவோம். என் வாசிப்பில் இந்தக் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

ஸ்வீடனும் முதலில் தவறாகவே தொடங்கியது. துளையிட்டுப் பார்க்கும் வண்டிகள் முன்னறிவிப்பு சரியாக இல்லாமல் ஊர்களுக்குப் போயின. மேற்குக் கரைப் பக்கம் ஷின்னெஃபெல் குன்றில் 1980-இல் ஊரார் ஒரு குடில் போட்டு உட்கார்ந்தார்கள்; முறை வைத்து இரவு பகலாகக் காவல் காத்தார்கள். இருபது ஆண்டுகள். 2000-இல் அந்தக் குன்று பட்டியலில் இல்லை என்று உறுதி கிடைத்த பிறகே எழுந்தார்கள். அடுத்ததாக நிறுவனம் எல்லா ஊராட்சிகளுக்கும் கடிதம் எழுதி, விருப்பம் உண்டா என்று கேட்டது. வடக்கே ஸ்டூருமன் 1995-இல் வாக்கெடுப்பு நடத்தி வேண்டாம் என்றது. மாலோ 1997-இல் வேண்டாம் என்றது. இரண்டு முறையும் நிறுவனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அப்படிப் போனதால்தான், பிறகு ஓஸ்கர்ஷாமும் ஓஸ்தாமரும் சம்மதித்தபோது அந்தச் சம்மதத்துக்குப் பொருள் இருந்தது. 2009-இல் ஓஸ்தாமர் ஊராட்சியின் ஃபோர்ஸ்மார்க் தேர்வானது. 2025 ஜனவரியில் கட்டுமானம் தொடங்கியது.

பின்லாந்தில் சட்டமே ஊராட்சிக்கு மறுப்புரிமை கொடுத்திருக்கிறது. நான்கு இடங்களை விரிவாக ஆராய்ந்து ஓல்கிலுவோட்டோவைத் தேர்ந்தார்கள். 2000 ஜனவரியில் ஏவுரயோகி ஊராட்சி மன்றம் 20-க்கு 7 என்று ஏற்றது; 2001 மே மாதம் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. இவ்விரு நாடுகளிலும் ஏற்றுக்கொண்ட ஊர்கள் ஏற்கெனவே அணுமின் நிலையத்தின் வேலையிலும் வரியிலும் வாழும் ஊர்கள். அந்தச் சம்மதத்தைத் தூய விருப்பம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மறுக்க உரிமையும், மறுத்தால் அது மதிக்கப்படும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்தன.

அமெரிக்காவில் 1982 சட்டம் பல இடங்களை ஒப்பிட்டுத் தேர வேண்டும் என்றது. 1987-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, டெக்சஸையும் வாஷிங்டனையும் விட்டுவிட்டு நெவாடாவின் யக்கா மலையை மட்டும் ஆராயச் சொன்னது. மூன்று மாநிலங்களில் அரசியல் பலம் குறைந்தது அப்போது நெவாடாதான். மேற்கு ஷோஷோனி பழங்குடியினர் அந்த மலை தங்கள் நிலம் என்று சொன்னார்கள், கேட்கவில்லை. இருபது ஆண்டு ஆய்வு, நூற்றுக்கணக்கான துளைகள், அந்த அரிய சூடேற்றுச் சோதனை எல்லாம் முடிந்து 2008-இல் விண்ணப்பம் போனது. 2010-இல் அரசே அதைத் திரும்பப் பெற முயன்றது. நாடெங்கும் மின்நிலைய வளாகங்களில் 80 ஆயிரம் டன்னுக்கும் மேல் எரிபொருள் நிற்கிறது. 1998-க்குள் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன வாக்கைக் காக்காததால் அரசு மின் நிறுவனங்களுக்கு இழப்பீடு கட்டிவருகிறது. ஜெர்மனியில் 1977-இல் அரசியல்வாதிகள் சுட்டிய கோர்லெபென், நாற்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2020-இல் நிலவியல் காரணங்களாலேயே பட்டியலிலிருந்து விழுந்தது. தேடல் முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது.

கனடாவில் 1998-இலேயே ஓர் அரசுக் குழு சொன்ன தீர்ப்பு எனக்கு எப்போதும் முக்கியமானது: தொழில்நுட்பப்படி பாதுகாப்பு பெரும்பாலும் காட்டப்பட்டிருக்கிறது, ஆனால் மக்கள் ஏற்பு காட்டப்படவில்லை, ஆகவே திட்டம் இந்த வடிவில் கூடாது. அந்த நாடு புது நிறுவனம் அமைத்து, விருப்பம் தெரிவித்த 22 ஊர்களோடு பேசி, 2024 நவம்பரில் வாபிகூன் லேக் ஒஜிப்வே பழங்குடியினரும் இக்னேஸ் ஊரும் இசைந்த வடமேற்கு ஒண்டாரியோவைத் தேர்ந்தது.

புதைத்ததைத் திரும்ப எடுக்க முடிய வேண்டுமா என்பதும் இதோடு சேர்ந்தது. பிரான்சில் 2006 சட்டம் மீட்கும் வசதியைக் கட்டாயமாக்கியது; குறைந்தது நூறாண்டுக்கு அது இருக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்குத் தேர்வுரிமை விடுவது நியாயம்தான். கதவைத் திறந்தே வைத்தால் நீரும் மனிதரும் உள்ளே வரும் வாய்ப்பும் திறந்தே இருக்கும் என்பதும் மெய். ஒரு நூற்றாண்டு திறந்து வைத்துப் பிறகு மூடுவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வெப்பம் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் காலத்தையும் அப்போது அளந்து பார்த்துவிடலாம்.

இந்தியாவின் பதில் வேறு. எரிந்த எரிபொருளைக் கழிவாக நாம் கருதுவதில்லை. அதைக் கரைத்துப் புளுட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்தெடுக்கிறோம். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் மறுசெயலாக்க ஆலைகள் உள்ளன. எஞ்சும் அமிலக் கரைசலைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலங்களில் ஊற்றுகிறார்கள். தாராப்பூரில் அந்தக் கலங்கள் இருக்கும் கூடத்தைக் குளிர்விக்க விசிறி கிடையாது. கலங்களின் சூட்டாலேயே காற்று மேலெழுந்து உயரமான புகைபோக்கி வழியே வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மின்சாரம் போனாலும் நிற்காத, அழகான ஏற்பாடு.

ஆனால் மறுசெயலாக்கம் செய்வதால் ஆழ்நிலக் கிடங்கே வேண்டாம் என்று சிலர் பேசுவதை ஏற்க முடியாது. அளவு குறைகிறது, புளுட்டோனியம் விலகுகிறது; உண்மை. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கின்றன. எரிபொருளில் பரவிக் கிடந்த சூடு சிறிய கனஅளவில் திரள்கிறது. பிரித்த புளுட்டோனியத்தை மறுபடி எரித்தால் கிடைக்கும் எரிபொருள் சாதாரண எரிபொருளைவிட நெடுங்காலம் சூடாக இருக்கும். தாராப்பூரில் அமெரிசியம் போன்றவற்றைத் தனியே பிரிக்கும் செய்முறைக் கூடம் அமைத்திருப்பதும், சீசியத்தைப் பிரித்து ரத்தக் கதிரூட்டும் கருவிகளுக்குப் பயன்படுத்துவதும் பாராட்ட வேண்டிய முயற்சிகள். அவை கிடங்கின் பரப்பைக் குறைக்கும். கிடங்கின் தேவையை நீக்கமாட்டா. அணுசக்தித் துறையும் தேவை இல்லை என்று சொல்லவில்லை. சில பத்தாண்டுகள் கழித்துத்தான் வேண்டியிருக்கும் என்கிறது. மறுபடியும் அதே காத்திருப்பு.

1980-களில் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கப் பகுதி ஒன்றில், மிக ஆழத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் சூடேற்றிகளைப் பொருத்திப் பாறையின் நடத்தையை அளந்தது. கழிவு எதுவும் அங்கே கொண்டுபோகவில்லை. 2001-இல் தங்கச் சுரங்கம் மூடியது. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, கழிவுக்குக் கோலார் சுரங்கங்கள் என்ற பேச்சு அரசுத் தரப்பிலிருந்து வந்தது. மறுநாளே தங்கவயல் தெருவுக்கு வந்துவிட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் போய் நூறாண்டுக்கு மேல் அந்தக் குழிகளில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் ஊர் அது. சிலிக்காத் தூசியை நுரையீரலில் வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு, வேலை போன பிறகு இப்படியொரு சேதி. அரசு உடனே அப்படித் திட்டமில்லை என்று சொல்லிவிட்டது. தோண்டிக் குடைந்து நீர் நிரம்பிய சுரங்கம் நல்ல இடமல்ல என்பதை நிலவியலும் சொல்லும், ஆஸ்ஸே சொல்லியிருக்கிறது. ஆனால் ஊரார் அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள் என்பதே எனக்கு வலிக்கிறது. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மலையைக் குடைய வந்தபோது, அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டத்தான் என்ற அச்சம் பரவியது. அந்த ஆய்வகத்துக்கும் கழிவுக்கும் தொடர்பு இல்லை. கேட்டவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. கழிவு எங்கே போகும் என்று எந்த இடத்தையும் எந்த அளவுகோலையும் வெளியே சொல்லாத நாட்டில், எந்தக் குழியைப் பார்த்தாலும் இது அதற்குத்தானோ என்று மக்கள் நினைப்பார்கள்.

2013 மே 6 அன்று கூடங்குளம் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், எரிபொருளை நிலைய வளாகத்திலேயே நெடுங்காலம் வைத்திருப்பது குறித்துக் கவலை தெரிவித்து, ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்றது. உலைக்கு வெளியே வளாகத்துக்குள் இடைக்காலக் கிடங்கு கட்டவும் காலக்கெடு வந்தது, கெடு தள்ளிப்போனது. 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் ஒத்திவைத்தார்கள். இடிந்தகரையிலும் கூட்டப்புளியிலும் மக்கள் கேட்ட கேள்வி இடைக்காலக் கிடங்கைப் பற்றியதாகத் தெரிந்தாலும், உள்ளே இருந்தது வேறு: இடைக்காலம் எப்போது முடியும், முடிந்தபின் எங்கே போகும்? பின்லாந்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தேதியும் ஓர் இடமும் பதிலாக இருந்தன.

அந்தத் தேதி எப்படி வந்தது என்று பார்த்தால் நம் கணக்கும் தெரிந்துவிடும். 1983-இலேயே பின்லாந்து அரசு ஒரு முடிவு எடுத்தது: 2000-க்குள் இடம் தேர வேண்டும், 2020-ஐ ஒட்டிப் புதைப்பு தொடங்க வேண்டும். எரிபொருள் ஆறும் காலத்தை அப்படியே தேடலுக்கும் பேச்சுக்கும் ஒதுக்கினார்கள். சில ஆண்டுகள் பிசகின. 2024-இல் வெறும் மாதிரிப் பெட்டிகளை வைத்து ஒத்திகையைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகள். கூடங்குளத்தின் முதல் உலை 2014 டிசம்பர் கடைசியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அதன் முதல் எரிபொருள் கட்டுகள், முழுசாகவோ கண்ணாடியாகவோ, ஆழத்தில் வைக்கும் அளவுக்கு ஆற 2060-கள் ஆகிவிடும். இன்று அளவுகோல்களை வெளியிட்டு, எந்தப் பாறைகளை ஆராய்வோம், எந்த ஊரை எப்போது கேட்போம், வேண்டாம் என்றால் போய்விடுவோமா என்பதை எழுத்தில் கொடுத்துத் தொடங்கினாலும், பின்லாந்தின் வேகத்தில் நடந்தால் அந்த 2060-களில்தான் முடியும். 3 முதல் 6 வரையிலான உலைகள் கூடங்குளத்தில் எழுந்துகொண்டிருக்கின்றன.